கொடுப்பவர்தான் கேட்க வேண்டும்: மேரிஜ் அலவன்ஸும் எங்கள் வீட்டுக் கணக்கும்

2020 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரித்தானிய அரசாங்க இணையத்தளத்தில் அரை மணிநேரம் செலவழித்த என் கணவர் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, "எங்களுக்கு அது கிடையாதாம்" என்று சொன்னார். அவர் தேடிப் பார்த்தது திருமணமானவர்களுக்கான மேரிஜ் அலவன்ஸ் என்ற வரிச் சலுகையை. வேலைத்தலத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, தன் வருமானத்தைக் கொடுத்துத் தன் பெயரிலேயே விண்ணப்பிக்க முயன்றிருக்கிறார். அவருடைய வருமானத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் தகுதியுடையவர் அல்லர் என்ற விடை வந்திருக்கிறது. வரி கட்டுபவர் அவர், சலுகையும் அவருக்கே, ஆகவே கேட்க வேண்டியவரும் அவரே என்று நாங்கள் இருவரும் எண்ணியதில் அப்போது எந்தப் பிழையும் தெரியவில்லை. நானும் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அந்த மாலைக்கு நாங்கள் கொடுத்த விலை 432 பவுண்ஸ் என்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர வேலையில் இருந்தேன். ஆண்டுக்கு 8,000 பவுண்ஸைச் சுற்றித்தான் சம்பளம். வரி என்று ஒரு சதமும் பிடிபடுவதில்லை என்பதால், வரி விடயங்கள் எவையும் எனக்கு உரியவை அல்ல என்று நினைத்திருந்தேன். ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் பி60 படிவத்தைப் பார்க்காமலே ஒரு கோப்பில் போட்டுவைப்பேன். வீட்டில் வரிக் கடிதம் என்றால் அது அவருடைய கடிதம். ஆனால் இந்தச் சலுகையின் அமைப்பே வேறு. பிரித்தானியாவில் ஒவ்வொருவருக்கும் வரியில்லாமல் சம்பாதிக்கக்கூடிய தொகை ஒன்று உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து அது 12,570 பவுண்ஸாகவே நிற்கிறது. என்னைப்போல அந்த எல்லையை எட்டாமல் சம்பாதிப்பவருக்கு அதில் ஒரு பகுதி பயன்படாமலே கிடக்கும். அப்படிக் கிடப்பதில் 1,260 பவுண்ஸை வாழ்க்கைத் துணைக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பதுதான் மேரிஜ் அலவன்ஸ். பெற்றுக்கொள்பவரின் வரியிலிருந்து அந்தத் தொகையின் 20 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 252 பவுண்ஸ், கழிக்கப்படும். ஆகவே சொத்து என்னுடையது. அதைக் கொடுப்பதற்கான சம்மதமும் என்னிடமிருந்தே வரவேண்டும். விண்ணப்பம் என் பெயரில் போயிருக்க வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாகச் சொன்னவர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மாரில் ஒருவர். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை செய்பவர். 2022 ஜனவரியில் ஒருநாள், குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது பேச்சு வரிப் பக்கம் திரும்பியது. எங்களுக்கு அது கிடைக்காது, இவர் முன்னமே பார்த்துவிட்டார் என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அக்கா, குடுக்கிற ஆள்தான் கேக்கவேணும். அண்ணை கேட்டா எப்பிடித் தருவினம்?" என்றார். அன்று பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே கணவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் அண்டைக்கு மாறிப் போட்டிட்டன்" என்றார்.

சலுகை 2015 ஏப்ரல் 6ஆம் திகதி தொடங்கியது. நாங்கள் அதற்கு முன்பே திருமணமானவர்கள். என் வருமானமும் அவருடைய வருமானமும் முதல் ஆண்டிலிருந்தே தகுதிக்குள் இருந்தன. கடந்த நான்கு வரி ஆண்டுகளுக்குப் பின்தேதியிட்டுக் கேட்கலாம் என்பது விதி. வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. ஒவ்வோர் ஏப்ரல் 5ஆம் திகதியும் நள்ளிரவோடு பழைய ஆண்டு ஒன்று கைநழுவிப் போகும். 2020 ஜனவரியில் சரியான பெயரில் விண்ணப்பித்திருந்தால் 2015-16 வரைக்கும் பின்சென்றிருக்கலாம். 2022 ஜனவரியில் எங்களால் 2017-18 வரைக்கும்தான் போக முடிந்தது. இடையில் போன இரண்டு ஆண்டுகளில் முதலாவதன் பெறுமதி 212 பவுண்ஸ், இரண்டாவதன் பெறுமதி 220. இவற்றைக் கூட்டித்தான் 432 என்றேன். எஞ்சிய நான்கு ஆண்டுகளுக்கு முறையே 230, 238, 250, 250 என்று 968 பவுண்ஸும், நடந்துகொண்டிருந்த ஆண்டுக்கு 252 பவுண்ஸும் சேர, 1,220 பவுண்ஸ் எங்களுக்கு வர இருந்தது. இழந்ததை நினைத்துக் கவலைப்படுவதா, வருவதை நினைத்து மகிழ்வதா என்று தெரியாத ஒரு கணக்கு அது.

விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகச் செய்யலாம். என்னுடைய நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், கணவருடைய இலக்கம், நான் யார் என்பதை உறுதிப்படுத்தக் கடவுச்சீட்டு, பி60, பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) போன்றவற்றில் உள்ள விபரங்கள் ஆகியவை போதுமாக இருந்தன. எந்தெந்த ஆண்டுகளுக்குக் கேட்கிறேன் என்பதைக் குறித்துக் கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டுக்கும் இருவருடைய வருமானமும் அந்தந்த ஆண்டின் எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும் என்பதால், கோப்பில் பார்க்காமல் போட்டுவைத்த பி60களை முதல்முறையாக வரிசைப்படுத்தினேன். ஓர் ஆண்டினது கிடைக்காமல், பழைய பேஸ்லிப்பைத் தேட ஒரு மாலை போனது. வேலைக்கே போகாத மனைவியோ கணவரோ இருந்தால் அவருக்கும் இந்த நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். வருமானம் பூச்சியமாக இருப்பது இந்தச் சலுகைக்குத் தடை அல்ல.

என்னைச் சிறிது நேரம் நிறுத்திவைத்த கேள்வி ஒன்றுண்டு. திருமணத் திகதி. எங்களுக்கு இரண்டு திகதிகள் இருந்தன. ஸ்பொன்சர் விசா அலுவல்களுக்காகக் கொழும்பில் முதலில் எழுத்து எழுதினோம், அதாவது திருமணத்தைப் பதிவு செய்தோம். தாலி கட்டியது எட்டு மாதங்கள் கழித்து. எங்கள் வீட்டில் திருமண நாள் என்று கொண்டாடுவது தாலி கட்டிய நாளைத்தான். எழுத்து எழுதிய நாள் எங்கள் இருவருக்குமே உடனே நினைவுக்கு வரவில்லை. படிவத்தில் எழுத வேண்டியது சட்டப்படி பதிவான திகதி. விசா ஆவணங்களிலும் அதுவே இருக்கிறது. எங்கள் விடயத்தில் இரண்டும் 2015க்கு முந்தியவை என்பதால் எதைப் போட்டாலும் தொகை மாறாது. ஆனால் அண்மையில் திருமணமானவர்களுக்கு மாறும். வரி ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் கணவன் மனைவியாக இருந்தாலும் அந்த ஆண்டுக்குரிய சலுகை முழுவதாகக் கிடைக்கும் என்பதால், ஏப்ரல் முதல் வாரத்தில் பதிவு செய்பவருக்கு இரண்டு நாள் முன்பின் கூட 252 பவுண்ஸ் பெறும். இன்னொன்றும் உண்டு. இங்கே இங்கிலாந்தில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கும் இளம் சோடிகளை எனக்குத் தெரியும். ஊரும் உறவும் அவர்களைத் தம்பதியராக ஏற்றாலும், வரிக் கணக்கில் அவர்கள் சேர்ந்து வாழும் இருவர் மட்டுமே. சேர்ந்து வாழ்வது எத்தனை வருடமானாலும் இந்தச் சலுகைக்குப் போதாது. பதிவான திருமணமோ, சிவில் பார்ட்னர்ஷிப் என்ற சட்டப்படியான துணையுறவோ இருக்க வேண்டும்.

பெப்ரவரி மாதக் கடைசியில் கணவருடைய சம்பளத்தில் ஏறக்குறைய 231 பவுண்ஸ் கூடியிருந்தது. மாதத்துக்கு 21 பவுண்ஸ் வீதம், கடந்துபோன பதினொரு மாதங்களுக்கும் உரியது ஒன்றாகத் திரும்பியிருந்தது. வரியில்லாத தொகையைக் கடைசி இலக்கத்தை விட்டுக் காட்டும் அவருடைய வரிக் குறியீடு 1383 எம் என்று மாறியிருந்தது. என்னுடையது 1131 என். எம் என்றால் பெற்றவர், என் என்றால் கொடுத்தவர். ஆங்கில எழுத்தானாலும் தமிழில் வாசிக்கும்போது கொடுத்தவளின் பக்கத்தில் 'என்' என்று நின்றது எனக்குப் பிடித்திருந்தது. பழைய நான்கு ஆண்டுகளுக்கு உரிய பணம் பிறகு அவர் பெயருக்குக் காசோலையாக வந்தது. எடுத்துக் கொடுத்தவள் நான், காசோலையில் பெயர் உங்களுடையது என்று நான் சொல்லிக் காட்டியதும் உண்மை.

இதே காலத்தில் என் மச்சாள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவருக்கும் இந்தச் சலுகை உரியது என்பதை அவர் அறிந்தது முகநூலில் வந்த ஒரு விளம்பரத்தின் மூலம். இரண்டு நிமிடத்தில் தகுதியைப் பார்க்கலாம் என்ற அழைப்பு. அழுத்தினால் பார்ப்பதற்கு அரசாங்கப் பக்கம் போலவே ஒரு பக்கம். பெயர், இலக்கங்கள், விரலால் தொலைபேசித் திரையில் ஒரு கையொப்பம். சில மாதங்களில் பணம் வந்தது. ஆனால் வரவேண்டியதில் பாதியை விடச் சற்றே கூடுதலான தொகைதான் வந்தது. மீதியை அந்த நிறுவனம் தன் கட்டணம் என்றும், கட்டணத்தின் மீது வாட் வரி என்றும் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் திரையில் வைத்த கையொப்பம், திரும்பி வரும் வரிப் பணத்தைப் பெறும் உரிமையையே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கானது. யாரிடம் முறையிடுவது? எழுதிக் கொடுத்தது அவரே. 2023 மார்ச் 15ஆம் திகதியிலிருந்து இப்படி உரிமையை எழுதிக் கொடுப்பது செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள்; ஆனாலும், பணத்தைத் தங்கள் கணக்குக்கு அனுப்பும்படி ஒப்புதல் வாங்கிக்கொண்டு கட்டணம் எடுக்கும் இடைத்தரகர்கள் இல்லாமல் போய்விடவில்லை. கணக்காளர் ஒருவர் நேர்மையாக வேலை செய்து கூலி கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஒரு வேலையில் கூலிக்குரிய வேலை எதுவும் இல்லை என்பதே என் முறைப்பாடு. மச்சாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டிருந்தாலும் 2021இல் நான், எங்களுக்கெல்லாம் அது கிடையாது என்றே சொல்லியிருப்பேன்.

ஒருமுறை விண்ணப்பித்தால் ஒவ்வோர் ஆண்டும் தானாகவே தொடரும். திரும்பத் திரும்பக் கேட்கத் தேவையில்லை என்பது வசதிதான், ஆனால் அந்த வசதிக்குள்ளேயே அடுத்த சிக்கல் இருந்தது. நாங்கள் மறந்துபோனோம்.

பெற்றுக்கொள்பவர் அடிப்படை வீதத்தில் வரி கட்டுபவராக இருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் அந்த வீதம் 20 சதவீதம், அதன் மேல் எல்லை 50,270 பவுண்ஸ். ஸ்கொட்லாந்தில் வரிப் படிகள் வேறு. அங்கே 43,662 பவுண்ஸோடு எல்லை முடிகிறது. கிளாஸ்கோவில் இருக்கும் உறவினர் ஒருவர் லண்டன் கணக்கை நம்பி விண்ணப்பித்துப் பிறகு திருப்பிக் கட்ட நேர்ந்தது. இந்த எல்லை ஒரு சரிவு அல்ல, மலைவிளிம்பு. எல்லைக்கு மேலே ஒரு பவுண் போனால் ஒரு பவுணுக்குரிய பங்கு குறைவதில்லை. 252 பவுண்ஸும் முழுவதாகப் போய்விடும். என் கணவர் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளர். நாங்கள் விண்ணப்பித்தபோது அவருடைய சம்பளம் எல்லைக்குக் கீழே வெகு தொலைவில் இருந்தது. எல்லை அப்படியே நிற்க, சம்பளம் மெல்ல மெல்ல ஏறியது. 2023-24இல் ஆட்கள் குறைவு என்று ஓவர்டைமும் நிறையச் செய்தார். அந்த ஆண்டின் பி60இல் வரிக்குரிய சம்பளம் 50,610 பவுண்ஸ். எல்லைக்கு மேலே 340.

2024 இலையுதிர் காலத்தில் வரித் திணைக்களத்திலிருந்து பி800 என்ற கணக்குக் கடிதம் வந்தது. சலுகை உங்களுக்கு உரியதன்று, அதற்குரிய 252 பவுண்ஸும், எல்லையைத் தாண்டிய 340 பவுண்ஸுக்கு 40 சதவீத வரி என்பதால் இன்னும் 68 பவுண்ஸும் குறைவாகக் கட்டப்பட்டிருக்கின்றன, அது அடுத்த ஆண்டின் வரிக் குறியீட்டின் மூலம் மாதாமாதம் பிடிக்கப்படும் என்பது சாரம். கடிதத்தில் பிழை இல்லை. அவர்களிடம் இருந்த தகவலின்படி அது சரியான கணக்கு. ஆனால் தமிழ்ப் பள்ளியின் அதே தங்கையிடம் காட்டியபோது, அவர் கேட்ட முதல் கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது: "நீங்கள் கோயிலுக்குக் காசு குடுத்தனீங்களோ?"

காரணம் இதுதான். பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளையாக இருக்கும் ஒரு கோயிலுக்கு நாம் காசு கொடுக்கும்போது, கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையொப்பமிட்டால், நாம் கொடுத்த ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து கோயிலுக்குப் போகும் என்பது பலருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாதிருந்தது அதன் மறுபக்கம்: அப்படிக் கொடுத்த தொகையும் அதோடு சேர்ந்த 25 பென்ஸும் கூடிய மொத்தத்தின் அளவுக்கு, கொடுத்தவருடைய அடிப்படை வீத எல்லை மேலே உயரும். 100 பவுண்ஸ் கொடுத்தவருக்கு எல்லை 50,395 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு சுவாமிப் படத்தடியில் இருந்த டப்பாவைக் கவிழ்த்து, அர்ச்சனைச் சீட்டுகளுக்கும் விபூதிப் பொட்டலங்களுக்கும் இடையில் 2023-24க்குரிய பற்றுச்சீட்டுகளைத் தேடினோம். திருவிழா உபயம், அன்னதானம், கட்டட நிதி எல்லாமாக 400 பவுண்ஸ் கொடுத்திருந்தோம். அதில் 280 பவுண்ஸுக்கான படிவம் கணவருடைய பெயரில் இருந்தது; 120 பவுண்ஸுக்கானது என் பெயரில். 280ஐ 25 சதவீதம் கூட்டினால் 350. எல்லையைத் தாண்டிய தொகை 340. பத்து பவுண்ஸ் வித்தியாசத்தில் எல்லைக்குக் கீழே வந்துவிட்டார்.

இணையக் கணக்கின் மூலம் நன்கொடை விபரங்களைக் கொடுத்தோம். திருத்திய கணக்கு வந்தபோது 252 பவுண்ஸ் கடன் இல்லாமல் போயிருந்தது; அதற்கு மேலாக, 40 சதவீதத்தில் கணக்கிடப்பட்டிருந்த அந்த 340 பவுண்ஸ் இப்போது 20 சதவீதத்துக்குள் வந்ததால் 68 பவுண்ஸ் கடனும் இல்லாமல் போயிருந்தது. ஆக 320 பவுண்ஸ். முருகன் தந்தான் என்று மாமியார் தொலைபேசியில் சொன்னார். பற்றுச்சீட்டைக் கவனமாக எழுதிக் கொடுத்த கோயில் கணக்கர்தான் தந்தார் என்று என் கணவர் சொன்னார். நான் இருவரோடும் ஒத்துப்போனேன்.

ஆனால் என் பெயரில் இருந்த 120 பவுண்ஸ் கதை வேறு. கோயிலில் வரிசையில் நிற்பது நான் என்பதால், படிவத்தை நீட்டியவுடன் நானே கையொப்பமிட்டிருக்கிறேன். கிஃப்ட் எய்டில் கையொப்பமிடுபவர், கோயில் திரும்பப் பெறும் தொகையின் அளவுக்காவது வரி கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வித்தியாசத்தை அவரே கட்ட வேண்டியவர் ஆகிறார். ஒரு சதமும் வரி கட்டாத நான் கையொப்பமிட்டதால் 30 பவுண்ஸ் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமையே கோயில் அலுவலகத்துக்குப் போய் விடயத்தைச் சொல்லி, என் பெயரிலிருந்த படிவத்தை நீக்கச் செய்தேன். மேரிஜ் அலவன்ஸ் எடுக்கும் வீடுகளில் இது குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விடயம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த வீடுகளில் ஒருவர் வரி கட்டாதவர் அல்லது மிகக் குறைவாகக் கட்டுபவர். கோயிலில் வரிசையில் நிற்பவரும் பெரும்பாலும் அவரே. கொடுக்கும் காசு யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து போகிறதோ, வரி கட்டுகிற அவரே கையொப்பமும் இடட்டும்.

கோயிலுக்குக் கொடுப்பதில்லை என்பவர்களுக்கு இதே வேலையை ஓய்வூதியப் பங்களிப்பும் செய்யும். வேலைத்தலத்தில் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே கழியும் வகையென்றால் வரிக்குரிய சம்பளமே குறைந்துவிடும்; நாமாகச் செலுத்தி, நிறுவனம் 20 சதவீத வரிச் சலுகையைச் சேர்த்துக்கொள்ளும் வகையென்றால் கிஃப்ட் எய்டைப் போலவே எல்லை உயரும். எங்கள் கணக்கில் அந்த 340ஐ எட்ட 272 பவுண்ஸ் செலுத்தியிருந்தால் போதும். ஓய்வூதியப் பங்களிப்பு ஏப்ரல் 5க்குள் நடந்திருக்க வேண்டும். கடிதம் வந்த பிறகு செலுத்திப் பயனில்லை. ஆகவே பெப்ரவரிப் பேஸ்லிப்பில் அந்த ஆண்டில் அதுவரை சேர்ந்த வரிக்குரிய தொகையைப் பார்த்து, மார்ச் சம்பளத்தைக் கூட்டிப் பார்ப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். வங்கி வட்டியும் பங்கிலாபமும் வாடகையும் வருமானத்தில் சேரும் என்பதால் பேஸ்லிப்போடு மட்டும் நின்றுவிட முடியாது.

என் பக்கத்திலும் கணக்கு மாறியது. 2025இல் வகுப்பு உதவியாளராகக் கூடுதல் மணிநேரம் கிடைத்தது. இந்த 2025-26 ஆண்டுக்கு என் சம்பளம் 12,100 பவுண்ஸ் வருகிறது. முதல் பேஸ்லிப்பில் வருமான வரி என்று 13 பவுண்ஸ் பிடித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. 12,570க்குக் கீழே சம்பாதிப்பவளுக்கு ஏன் வரி? யோசித்துப் பார்த்தால் விடை என் குறியீட்டிலேயே இருந்தது. 1,260ஐக் கொடுத்துவிட்ட பிறகு என்னுடைய எல்லை 11,310. அதற்கு மேல் நான் சம்பாதிக்கும் 790 பவுண்ஸுக்கு 20 சதவீதம் வரி, ஆண்டுக்கு 158 பவுண்ஸ். உடனே நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றியது. கணவர் ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார்: எனக்குக் கூடியது 158, அவருக்குக் குறைந்தது 252, வீட்டுக்கு மிச்சம் 94. நிறுத்தினால் போவது அந்த 94. கொடுப்பவருடைய வருமானம் 12,570க்குக் கீழே இருக்கும்வரை வீட்டுக்கு ஏதோ ஒரு தொகை மிஞ்சும். 12,570இல் அது பூச்சியமாகிவிடும். பெற்றுக்கொள்பவரின் வரியே 252க்குக் குறைவாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சலுகை அவர் கட்டவேண்டிய வரியைப் பூச்சியமாக்குமே தவிர, அதற்கு மேலே கையில் தராது. மாதம் 13 பவுண்ஸ் என்னுடைய கணக்கிலிருந்து போகிறது, 21 பவுண்ஸ் அவருடைய கணக்கில் சேர்கிறது என்பது வீட்டுக்குள் வேறு ஒரு பேச்சுக்குரியது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்து, மாதாமாதம் 21 பவுண்ஸ் என் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவித்தொகை பெறும் வீடுகளில் இன்னொரு கணக்கும் போட வேண்டும். கையில் வரும் சம்பளம் கூடினால் அந்த உதவித்தொகை ஒரு பங்கு குறையும். இதனால் 252 என்பது முழுவதும் மிஞ்சாது, ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மா, கணவரை இழந்தவர். இருவரும் அறுபதுகளில் இருந்தவர்கள். கணவர் கடைசிவரை வேலை செய்தவர், அம்மா வீட்டில் இருந்தவர். கணவர் போன பிறகு இனி இதெல்லாம் எதற்கு என்று சொன்னார். ஆனால் துணை இறந்த பிறகும், இருவரும் தகுதியுடையவர்களாக இருந்த கடந்த ஆண்டுகளுக்கு, நான்கு ஆண்டு எல்லைக்குள், கேட்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, இம்முறை தொலைபேசியில் பக்கத்தில் இருந்து உதவினேன். வந்த பணத்தில் அவர் ஆண்டுத் திவசத்தைச் செய்தார். மிக வயதானவர்களுக்கு, அதாவது இருவரில் ஒருவராவது 1935 ஏப்ரல் 6க்கு முன் பிறந்தவராக இருந்தால், மேரிட் கப்பிள்ஸ் அலவன்ஸ் என்ற வேறொரு பழைய சலுகை உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது பெறுமதியில் கூடியது. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது.

வருகிற செப்டெம்பரில் எனக்கு முழுநேர வேலை தருவதாகப் பாடசாலையில் சொல்லியிருக்கிறார்கள். 2026-27 ஆண்டின் என் வருமானம் நிச்சயமாக 12,570ஐத் தாண்டும். தாண்டினால் என்னிடம் கொடுப்பதற்கு மிச்சம் ஒன்றும் இராது. நிறுத்துவதையும் நான்தான் செய்ய வேண்டும். வருமானம் மாறியதற்காக நிறுத்தினால் அது நடந்துகொண்டிருக்கும் வரி ஆண்டின் முடிவில்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே இதை ஏப்ரல் 5க்குப் பிறகு செய்தால் இன்னோர் ஆண்டு முழுவதும் 11,310 எல்லையோடு இருக்க வேண்டிவரும். சென்ற ஞாயிற்றுக்கிழமை, அதே மேசையில், அதே மடிக்கணினியைத் திறந்தோம். இம்முறை அதன் முன்னால் உட்கார்ந்தது நான். தேநீர் கொண்டுவந்து வைத்தது அவர். ஏப்ரலிலிருந்து என் குறியீடு 1257 எல் ஆகிவிடும், எல்லோருக்கும் உள்ளதுபோல. அந்த 'என்' போவதில் சற்று வருத்தம்தான்.